வாசகர் கேள்வி – பதில்: ஆனி ஆடிக் கடலில் மிதப்பவை

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குமரி முனையிலிருந்து கொல்லம், கொச்சி வரையுள்ள மழைக்காலக் கடலைப் பற்றியவை. அடியிலிருக்கும் குளிர்நீர் மேலேறும்போது அங்கே விலங்கு மிதவை உயிரிகள் என்ன ஆகின்றன என்பதையே பலரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். நீந்தினாலும் நீவாட்டை (நீரோட்டத்தை) எதிர்த்துப் போக முடியாமல் அதன் போக்கிலேயே போகும் சிறு உயிர்களைத்தான் இப்பெயரால் அழைக்கிறோம். கோப்பிபாட் என்னும் நுண் ஓட்டுடலி, அம்புப்புழு, கூனி, மீன் குஞ்சு எல்லாம் இதில் அடங்கும்.

கேள்வி: ஆனி பிறந்தால் எங்கள் கடல் குளிர்ந்து பச்சையாகிவிடுகிறது. அடிநீர் மேலே வருகிறது என்கிறார்கள். ஆனால் காற்று மேற்கிலிருந்து கரையைப் பார்த்து அல்லவா அடிக்கிறது? அது மேல்நீரைக் கரையில் கொண்டுவந்து சேர்க்கத்தானே வேண்டும்? (குளச்சல் வாசகர்)

பதில்: காற்று நேரே கரையில் மோதுவதுபோலத் தோன்றினாலும் சற்றுச் சரிந்துதான் வருகிறது. கேரளக் கரை தென்கிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது. மழைக்காலக் காற்று அங்கே மேற்கு, வடமேற்கிலிருந்து வீசுகிறது. அதனால் அதன் ஒரு பகுதி விசை கரையை ஒட்டித் தெற்கே தள்ளுகிறது. பூமி சுழல்வதால் நமது அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் மொத்தமாகக் காற்றின் வலப்பக்கம் விலகும். தெற்கே பார்த்து நில்லுங்கள்: உங்கள் வலது கைப்பக்கம் மேற்கு, அதாவது ஆழ்கடல். மேல்நீர் அங்கே விலகிப் போக, அந்த இடத்தை நிரப்ப அடிநீர் ஏறுகிறது. இதைத்தான் மேலெழுச்சி என்கிறோம். குமரி முனையில் கரை தெற்கைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது, காற்றும் கிழக்கே திரும்பி ஓடுகிறது. அதன் வலப்பக்கம் தெற்கு, அங்கும் ஆழ்கடல்தான். முனையைச் சுற்றிப் போகும்போது காற்றின் வேகமும் கூடுகிறது. அதனால்தான் குளிர்நீர் முதலில் தெற்கே தென்பட்டுப் பிறகு வடக்கே நகர்கிறது.

நீர் ஊற்றுப்போலப் பொங்குவதில்லை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் ஏறும். காற்று மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். வங்காள விரிகுடாவில் கிளம்பி இலங்கையைச் சுற்றிக் கரையோரமாக வரும் நீண்ட அலைகள், காற்று வலுப்பதற்கு முன்பே அடியிலுள்ள குளிர் அடுக்கைத் தூக்கத் தொடங்கிவிடுகின்றன. மே மாதம் 30 பாகையை ஒட்டியிருந்த கரையோர மேல்நீர் ஜூலை, ஆகஸ்டில் 26, 25 என இறங்குகிறது. கூடவே நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஏறி வருவதால் டயட்டம் என்னும் நுண்பாசிகள் பெருகும். நீங்கள் பார்க்கும் பச்சை அதுதான்.

கேள்வி: கிழக்குக் கரையில் இது கிடையாதா? (சென்னை வாசகி)

பதில்: உண்டு, ஆனால் மெலிந்தது. தென்மேற்குக் காற்று தமிழகக் கிழக்குக் கரைக்கு இணையாக வடக்கே வீசும்போது வலப்பக்கம் கிழக்கு, ஆகவே மேல்நீர் கடலுக்குள் விலகும். வடக்கே போகப் போக ஆற்றுநீர் மேலே ஒரு இலேசான மூடிபோலப் பரவியிருப்பதால் அடிநீர் அதைத் துளைத்து எழுவது கடினம். இலங்கையின் தெற்குக் கரையில் இதே காலத்தில் வலுவாகவே நடக்கிறது.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக 50 மீட்டர் ஆழத்திலிருந்து 200 மைக்ரான் கண்ணுள்ள வலையைச் செங்குத்தாக இழுத்தேன். ஏப்ரலில் ஒழுங்காக வந்தது. ஆகஸ்டில் வலை முழுவதும் பச்சைக் குழம்பு. எண்ணிப் பார்த்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மேலெழுச்சிக் காலத்தில் விலங்கு மிதவைகள் பெருகும் என்பது தவறா, என் வலை தவறா? (தூத்துக்குடி மாணவி)

பதில்: வலையில்தான் கோளாறு. கண்கள் அடைபட்டிருக்கின்றன. டயட்டம் சங்கிலிகள் வலைத்துணியில் படிந்ததும் நீர் உள்ளே போகாமல் வாய்க்கு முன்னாலேயே ஒதுங்கி வழியும். கயிறு 50 மீட்டர் ஏறியிருக்கும், வலைக்குள் 50 மீட்டர் நீர் போயிருக்காது.

கணக்காகப் பாருங்கள். வாயின் பரப்பு 0.25 சதுர மீட்டர். வலைவாயில் நீரோட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரில் எண்ணிக்கை ஒன்றுக்கு 0.0269 மீட்டர் என்று வைப்போம் (உங்கள் மீட்டரின் கையேட்டில் உள்ள மாறிலியையே பயன்படுத்துங்கள்). அடைப்பில்லாத வலையில் 1,860 எண்ணிக்கை ஓட வேண்டும்: 50 மீட்டர், 12.5 கனமீட்டர் நீர். ஆகஸ்டில் 1,200தான் ஓடியது என்றால் 32.3 மீட்டர், 8.07 கனமீட்டர். மாதிரியில் 64இல் ஒரு பங்கை எண்ணி 410 கோப்பிபாட் கிடைத்தால் மொத்தம் 26,240. கயிற்று நீளத்தை நம்பி வகுத்தால் கனமீட்டருக்கு 2,099, ஃப்ளோமீட்டரை நம்பி வகுத்தால் 3,250. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. ஏப்ரலில் இல்லாத பிழை ஆகஸ்டில் மட்டும் வருவதால் இரண்டு மாதங்களையும் ஒப்பிடவே முடியாமல் போகிறது.

இதிலும் ஒரு எச்சரிக்கை. வடிகட்டும் திறன் (போயிருக்க வேண்டிய நீரில் உண்மையில் வலைக்குள் போன பங்கு) 85 விழுக்காட்டுக்குக் கீழே போனால் திருத்திக்கொண்டு பயன்படுத்தாதீர்கள். அடைபட்ட வலை தனக்கு முன்னே நீரைத் தள்ளிக்கொண்டு வரும், அந்த அதிர்வை உணர்ந்து வேகமான கோப்பிபாட்களும் கூனியும் விலகி ஓடிவிடும். ஓடியவற்றைக் கணக்கால் மீட்க முடியாது. இழுப்பைச் சிறிதாக்குங்கள். 50 மீட்டரை 50–25, 25–0 என்று இரண்டாகப் பிரிக்க, கீழ் அடுக்கு முடிந்ததும் வாயை மூடிக்கொள்ளும் வலை வேண்டும். அது இல்லையென்றால் 25–0 இழுப்பைத் தனியாகவும் ஒருமுறை எடுங்கள். வடிகட்டும் துணியின் திறந்த பரப்பு வாயின் பரப்பைப்போல் ஐந்து மடங்காவது இருக்கும் நீண்ட வலை நல்லது. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் வலையை வெளிப்பக்கமிருந்து கடல்நீர் பீய்ச்சிக் கழுவுங்கள். உள்ளேயிருந்து பீய்ச்சினால் வலைக்குள் இல்லாத உயிர்கள் குழாய்நீரோடு உங்கள் மாதிரியில் சேர்ந்துவிடும்.

இழுக்கும் வேகம் நொடிக்கு முக்கால் மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 45 மீட்டர். ஆடிக் காற்றில் படகு நகர்ந்துகொண்டே இருப்பதால் கயிறு சாயும். 45 பாகை சாய்ந்தால் 50 மீட்டர் கயிறு 35 மீட்டர் ஆழத்தைத்தான் தொடும். கோணத்தை அளந்து, கயிற்று நீளத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கி ஆழத்தைப் பெறுங்கள், அதற்கேற்பக் கூடுதலாக இறக்குங்கள். இறங்கும்போது ஃப்ளோமீட்டர் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் பூட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டு இல்லாத மீட்டர் செங்குத்து இழுப்புக்கு உதவாது.

மாதிரி மேலே வந்த ஐந்து நிமிடத்துக்குள் பார்மலின் சேருங்கள். தாமதித்தால் வாளிக்குள்ளேயே அம்புப்புழுக்கள் கோப்பிபாட்களை விழுங்கும். 500 மில்லி போத்தலில் மாதிரியும் கடல்நீருமாக 450 மில்லி, கடையில் வாங்கிய பார்மலின் 50 மில்லி. இது சுமார் 4 விழுக்காடு பார்மால்டிஹைடு ஆகும். உயிர்த்தொகுதி போத்தலில் கால் பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நடுவில் அழுகும். வெண்காரத்தைப் பார்மலினில் கரைத்து அமிலத்தை முன்பே போக்கிவிடுங்கள். போக்காவிட்டால் சிறகுக்கால் நத்தைகளின் ஓடு சில வாரங்களில் கரைந்து, அவை கிடைக்கவே இல்லை என்று எழுதும்படி ஆகும். சீப்புச் சொறிகள் பார்மலினில் சிதைந்துவிடும், அவற்றைப் படகிலேயே உயிரோடு எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மரபணு ஆய்வுக்கு வேண்டிய பகுதியைத் தனியே 95 விழுக்காடு எத்தனாலில் போட்டு மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். பார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறை இல்லாமலும் மூடிய அறையிலும் தொட வேண்டாம். எண்ணுவதற்கு முன் மாதிரியை வலைத்துணியில் வடித்து நீரில் நன்றாக அலசிவிடுங்கள்.

கேள்வி: எண்ணிக்கை ஜூலை, ஆகஸ்டில் பல மடங்கு ஏறுகிறது. ஆனால் ஷேனன் பன்மைக் குறியீடு (எத்தனை இனங்கள், அவை எவ்வளவு சமமாக இருக்கின்றன என்பதை ஒரே எண்ணாகச் சொல்வது) சரிகிறது. உணவு நிறைய இருக்கும்போது இனங்களும் நிறைய இருக்க வேண்டாமா? (கொச்சியில் பயிலும் தமிழ் மாணவர்)

பதில்: நீங்கள் கண்டது சரி, மேலெழுச்சியின் கையொப்பமே அதுதான். நிறைய என்பது வேறு, பல என்பது வேறு.

திடீரென்று உணவு குவியும்போது, வேகமாகப் பெருகத் தெரிந்த சில இனங்கள் முந்திக்கொள்கின்றன. நமது கரையில் டெமோரா டர்பினேட்டா, அக்ரோகலானஸ், பாராகலானஸ் போன்ற கரையோரக் கோப்பிபாட்கள் அப்படிப்பட்டவை. இன்னும் வேகமானவை கிளாடோசெரா என்னும் நீர்த்தெள்ளின் உறவினங்கள். பெனிலியா அவிரோஸ்ட்ரிஸையும் எவாட்னே டெர்ஜெஸ்டினாவையும் நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். எவாட்னேவின் தலையில் பெரும்பகுதி ஒரே கருங்கண், முதுகில் கூம்பிய பை. அந்தப் பைக்குள் குஞ்சுகள் அடுக்கியிருக்கும், அவற்றின் கண்களும் கரும்புள்ளிகளாகத் தெரியும். ஆண் இல்லாமலேயே பெண் ஈனும், முட்டை வெளியே மிதந்து பொரிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. கோப்பிபாட் ஆறு நாப்ளியஸ் (முட்டையிலிருந்து வரும் குஞ்சு) பருவம், ஐந்து இளம் பருவம் கடந்து வளர இரண்டு மூன்று வாரம் எடுக்கும். கிளாடோசெராவுக்குச் சில நாள் போதும். காலம் மாறியதும் தடித்த ஓடுள்ள உறங்குமுட்டைகளைச் சேற்றில் விட்டுவிட்டு மறைந்துவிடும்.

மறுபுறம், ஆழ்கடல் பக்கத்து வெதுநீரில் வாழும் அரிய இனங்கள் கரையோரத்தை விட்டு விலகுகின்றன. குளிரும் ஆக்சிஜன் குறைவும் அவற்றுக்கு ஒவ்வாது.

குறியீடு எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். ஏப்ரலில் பத்து இனம், ஒவ்வொன்றும் 10, மொத்தம் 100. குறியீடு 2.30. ஆகஸ்டில் அதே பத்து இனம், மொத்தம் 1,000. ஆனால் ஒன்றே 820, மற்ற ஒன்பதும் தலா 20. குறியீடு 0.87. ஓர் இனம்கூடக் குறையவில்லை, ஒன்பதும் முன்பைவிட இரட்டிப்பாகவே இருக்கின்றன, ஆயினும் குறியீடு பாதிக்கும் கீழே. ஆகவே குறியீட்டை மட்டும் எழுதிவிட்டு "பன்மை அழிந்தது" என்று முடிவு கட்டாதீர்கள். இன எண்ணிக்கை, சமநிலை அளவு (மேலுள்ள ஆகஸ்டுக்கு 0.38), முதல் மூன்று இனங்களின் பங்கு ஆகியவற்றைச் சேர்த்தே கொடுங்கள். எந்த மடக்கை என்பதையும் சொல்லுங்கள். இயல் மடக்கையில் 2.30 வருவது 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையில் 3.32 ஆகும். இதைக் குறிக்காததால் ஒப்பிட முடியாமல் கிடக்கும் அட்டவணைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பழைய தரவோடு ஒப்பிடுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. 1960களின் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில் கப்பல்கள் எல்லாம் ஒரே வகை வலையைப் பயன்படுத்தின: வாய்ப் பரப்பு 1 சதுர மீட்டர், கண்ணளவு 330 மைக்ரான், 200 மீட்டரிலிருந்து மேல்மட்டம் வரை இழுப்பு. மாதிரிகள் கொச்சியில் இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்தில் பிரிக்கப்பட்டன. இன்று பலரும் 200 மைக்ரான் வலை போடுகிறோம். ஓய்தோனா, ஓன்கியா போன்ற மிகச் சிறிய கோப்பிபாட்கள் 330இல் எளிதாக நழுவிவிடும், 200இலும் ஒரு பகுதி நழுவும். வலை மாறியதால் கூடியதைக் கடல் மாறியதால் கூடியது என்று படிக்கக் கூடாது. ஒப்பிட்டே ஆக வேண்டுமானால் சில இடங்களில் இரண்டு வலையையும் அடுத்தடுத்து இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: இரவில் கடல் நீலமாக மின்னுவதை கேரளத்தில் கவரு என்கிறார்கள். அது விலங்கு மிதவையா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: கடலில் அப்படி மின்னுவது பெரும்பாலும் நாக்டிலூக்கா. கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள ஒற்றைச்செல் உயிர், ஒளிச்சேர்க்கை செய்யாமல் டயட்டத்தையும் கோப்பிபாட் முட்டைகளையும் விழுங்கும். மழைக்காலத்தில் கேரளக் கரையைச் சிவப்பாக்குவது அதுதான். உள்ளே பச்சைப் பாசி குடியிருக்கும் வகையும் உண்டு. 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது இதனால்தான். எண்ணும்போது இதைத் தனியாக எழுதுங்கள். வலையில் இது நிறைந்தால் உயிர்த்தொகுதியின் கனஅளவு பொய்யாக ஏறிவிடும்.

கேள்வி: ஒரே இடத்தில் பகலிலும் இரவிலும் எடுத்த மாதிரிகள் முற்றிலும் வேறாக இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது? (தூத்துக்குடி மாணவி)

பதில்: இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பல இனங்கள் பகலில் கீழே இறங்கி இரவில் மேலேறும். மேலெழுச்சிக் கரையில் இதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது. மேல்நீர் ஆழ்கடலுக்குப் போகிறது, கீழ்நீர் கரைக்கு வருகிறது. பாதி நாள் மேலேயும் பாதி நாள் கீழேயும் இருக்கும் உயிர், ஒன்றில் இழந்த தூரத்தை மற்றதில் மீட்டுக் கரையோரத்திலேயே தங்கிவிடுகிறது. சோமாலியக் கரையின் கலனாய்டஸ் கரினேட்டஸ் இதைவிடத் துணிச்சலானது. மேலெழுச்சி ஓய்ந்ததும் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, வளர்ச்சியின் கடைசிக்கு முந்திய பருவத்திலேயே 500 மீட்டருக்கும் கீழே இறங்கி, அடுத்த மழைக்காலம் வரை அசையாமல் காத்திருக்கும்.

ஆனால் நமது கரைத்திட்டில் கீழே போகவும் எல்லை உண்டு. ஏறிவரும் நீர் அரபிக்கடலின் ஆக்சிஜன் வறண்ட அடுக்கோடு தொடர்புடையது. ஆகஸ்ட், செப்டம்பரில் அடிநீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய்விடும். பெரும்பாலான இனங்கள் மேலேயுள்ள சில பத்து மீட்டருக்குள் நெருக்கப்படும். ப்ளூரோமம்மா இண்டிகா போன்ற சில மட்டுமே வறண்ட அடுக்கில் தாக்குப்பிடிக்கும். அடிமட்டத்து மீனும் இறாலும் கரைப்பக்கம் ஒதுங்குவதும் இதே காரணத்தால்தான். அடியிலிருந்து மேல்வரை ஒரே இழுப்பில் எடுத்தால் இந்த நெருக்கம் தெரியாது. 50 மீட்டருக்குச் சராசரி போட்டு 1,000 என்று எழுதுவீர்கள், உண்மையில் மேல் 15 மீட்டரில் 3,000க்கு மேல் இருந்து கீழே ஏறத்தாழ வெறுமையாக இருக்கும்.

மூடும் வசதியுள்ள வலை இருந்தால் அடுக்குகளை 10, 20, 30 என்று கண்ணை மூடிப் பிரிக்காமல், முதலில் வெப்பநிலையையும் ஆக்சிஜனையும் இறக்கிப் பார்த்து அவை உடையும் ஆழத்தில் பிரியுங்கள். ஆக்சிஜனை வின்க்ளர் முறையில் (வேதிப்பொருள் சேர்த்து) அளப்பவர்கள் குழாய் நுனியைப் போத்தலின் அடியில் வைத்து, குமிழி இல்லாமல் நிரப்பி, இரண்டு மூன்று போத்தல் அளவு நீர் வழியவிட்டு உடனே மாங்கனீசு, கார அயோடைடு கரைசல்களைச் சேர்க்க வேண்டும். வறண்ட நீரில் ஒரு குமிழி நுழைந்தாலே அளவு கெட்டுவிடும். பகல் மாதிரியை நண்பகலை ஒட்டியும் இரவு மாதிரியை நள்ளிரவை ஒட்டியும் எடுங்கள். விடியலிலும் அந்தியிலும் எல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பாசியும் கூனியும் நிறைய என்றால் சாளை வரும் என்று சொல்லிவிடலாமா? (முட்டம் வாசகர்)

பதில்: சொல்ல முடியாது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை பிடிபட்டது, 2021இல் 3,500 டன்கூட இல்லை. அந்த ஆண்டும் மழைக்காலத்தில் குளிர்நீர் ஏறத்தான் செய்தது. பெரிய சாளைக்கு டயட்டமும் கோப்பிபாட்டும் இரண்டும் உணவு. சிக்கல் குஞ்சில்தான். மழைக்காலத்தில் இடும் முட்டை பொரித்து, கருவுணவு தீர்ந்த இரண்டு மூன்று நாளுக்குள் வாய்க்கு அடங்கும் நாப்ளியஸ் கிடைக்க வேண்டும். நீர் குறைவாக ஏறினால் அந்த உணவு இல்லை. மிகையாக ஏறினால் குஞ்சும் உணவும் சேர்ந்து ஆழ்கடலுக்கு அடித்துப் போகும், ஆக்சிஜனும் வறளும். பாசி பெருகிய பிறகே கோப்பிபாட் பெருகும், இடையில் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஆகவே எவ்வளவு ஏறியது என்பதைவிட, எந்த வாரத்தில் ஏறியது என்று கேட்பது பயனுள்ளது. செயற்கைக்கோள் படத்தில் தெரிவது பாசியின் நிறம் மட்டுமே, அதையும் ஜூன், ஜூலை மேகம் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது.

நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிடித்த சாளையில் பத்தை வெட்டி இரைப்பையைத் திறந்து பாருங்கள். பச்சைக் களிம்பு என்றால் டயட்டம், செம்மஞ்சள் குருணை என்றால் கோப்பிபாட். தேதி, இடம், ஆழம், மீனின் நீளம் ஆகியவற்றுடன் நான்கைந்து ஆண்டு எழுதி வைத்தால் எந்த ஆய்வுக்கும் அது உதவும்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட மலிவாக வலை செய்ய முடியுமா? (கன்னியாகுமரி மாவட்ட ஆசிரியர்)

பதில்: முடியும். ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் துணியில் அங்குலத்துக்கு 80 இழை உள்ளதை வாங்குங்கள், அதன் கண் ஏறக்குறைய 200 மைக்ரான். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கம்பி வளையத்தில், ஒரு மீட்டர் நீளக் கூம்பாகத் தைத்து, நுனியில் அடி வெட்டிய சிறு பிளாஸ்டிக் போத்தலைத் தலைகீழாகக் கட்டுங்கள். தையல் ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்துத் தையுங்கள், இல்லையென்றால் ஊசித்துளைகள் வழியே பாதி உயிர் போய்விடும். வளையத்தில் மூன்று கயிறு சம நீளத்தில் கட்டினால்தான் வாய் நேராக நிற்கும்.

ஆடிக் கடலில் பிள்ளைகளை இறக்காதீர்கள். துறைமுகத்துக்குள், மேடையிலிருந்து கயிற்றைப் பிடித்து ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தால் போதும். கிடைத்ததை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி ஓரமாக டார்ச் அடியுங்கள். கோப்பிபாட்கள் விட்டு விட்டுத் துள்ளும், அம்புப்புழு கண்ணாடிக் குச்சிபோல அசையாமல் கிடந்து சட்டென்று பாயும். நீர் சூடானால் கால் மணி நேரத்தில் செத்துவிடும், கிண்ணத்தை நிழலில் வையுங்கள். பார்த்து முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, வலையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்புப் படிந்து காய்ந்தால் அடுத்த முறை பாதிக் கண்கள் அடைபட்டிருக்கும்.